பற்றும் படமும்

பாப்பிரெட்டிப்பட்டியில் நாம் வரலாறு நடத்தும் வகுப்பிற்கு, நெற்றியில் சுக்குப் பற்றோடு வந்தமர்ந்தான் ஒரு மாணவன். ஒற்றைத் தலைவலி! வெளிச்சம் பட்டாலே கண்ணை மூடிக்கொண்டான்.

"பற்றுப் போட்டால் கேட்கிறதா, தம்பி?" என்றோம்.

"கேட்கும் என்று பாட்டி சொன்னார்கள், ஐயா" என்றான்.

பாட்டி சொன்னது சரி. கேட்டதா என்பதற்கு விடை எங்கே?

நூறாண்டுகளுக்கு முன் சென்னை அரசாங்கமும் இதே கேள்வியைத்தான் கேட்டது. நாட்டு மருந்துகளை ஆராயும் பணி 1918-இல் டாக்டர் கோமனிடம் தரப்பட்டது. அவர் தந்த முடிவுகள் வைத்தியர்களைக் கொதித்தெழச் செய்தன. மருந்தை மட்டும் பிய்த்தெடுத்து, அது எந்த உடலுக்கு, எந்தப் பத்தியத்தோடு தரப்படுகிறது என்பதைக் கைவிட்டால் அது என்ன சோதனை என்றனர். நியாயமான வாதந்தான். எனினும் அந்த வாதத்தின் நிழலில் போலி வைத்தியனும் ஒதுங்கிக்கொள்ளலாம் அல்லவா?

1921-இல் பனகல் அரசர் தலைமையிலான நீதிக்கட்சி ஆட்சி, முகமது உஸ்மானைத் தலைவராகக் கொண்டு ஒரு குழுவை அமைத்தது. மேல்நாட்டு மருத்துவமும் கற்ற ஜி. சீனிவாசமூர்த்தி அதன் செயலாளர். சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றும் அறிந்தோரிடம் வினாக்கள் அனுப்பப்பட்டன. 1923-இல் அறிக்கை வந்தது. 1925-இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி எழுந்தது. சீனிவாசமூர்த்தியே அதன் தலைவரானார். புறக்கணிக்கப்பட்டுக் கிடந்த மருத்துவத்துக்குப் பள்ளி தந்தது பெருஞ்செயல். ஆனால் பள்ளி வேறு, சோதனை வேறு. கோமன் கிளப்பிய கேள்வி அப்படியே நின்றது.

சீனத்திலும் நிலை இதுவே. சுவான்சியோங் என்னும் கிழங்கைத் தலைவலிக்கென நெடுங்காலமாக அங்கே தருகின்றனர். இன்று அத்தகைய மூலிகைகள் மூளையில் என்ன செய்கின்றன என்பதைப் படக்கருவி கொண்டு காண முனைகின்றனர் அந்நாட்டு ஆய்வாளர்கள்.

படம் பொய் சொல்லாது என்பர். ஆனால் அது முழுவதும் சொல்லிவிடுமா? 1995-இல் ஜெர்மானிய ஆய்வாளர் வெய்லரும் அவர் குழுவினரும், ஒற்றைத் தலைவலி கண்ட வேளையிலேயே ஒன்பது பேரின் மூளையைப் படமெடுத்தனர். மூளைத்தண்டில் குருதியோட்டம் மிகுந்திருந்தது. சுமட்ரிப்டான் ஊசி போட்டனர். வலி தணிந்தது, மூளைத்தண்டின் கொந்தளிப்போ தணியவில்லை! நோயாளியின் வாய்ச்சொல் ஒன்று கூறிற்று, படம் வேறொன்று கூறிற்று. இரண்டையும் கேட்டாக வேண்டும். மருந்து பெற்றோரோடு, மருந்தைப் போன்றே தோன்றும் வெறும் பொடி பெற்றோரையும் ஒப்பிட்டாக வேண்டும். யாருக்கு எது என்பது தருபவருக்கும் தெரியலாகாது.

மறுநாள் தம்பி பற்றில்லாமல் வந்தான். வலி போய்விட்டதாம். மருந்தே இல்லாவிடினும் இந்நோய் நான்கு மணி முதல் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தானே விலகுவதுண்டு என்றோம்.

"பாட்டியிடம் இதைச் சொல்லட்டுமா, ஐயா?" என்றான்.