இரத்த அமுக்க ஆராய்ச்சியில் எலியின் பங்கு

இரத்த அமுக்கம் மிகுந்து இறந்தோர் பலரிடத்துச் சிறுநீரகமும் பழுதுற்றிருத்தலை வைத்தியர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஆயின், இவ்விரண்டனுள் எது காரணம், எது காரியம் என்பதே வினாவாக நின்றது. 1934ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஹரி கோல்ட்பிளாற் என்பார், நாய்களின் சிறுநீரக நாடியை வெள்ளிக் கவ்வியால் நெருக்கி, அமுக்கம் நிலையாக உயர்தலைக் காட்டினார். சிறுநீரகம் காரணமாதல் இவ்வாறு புலனாயிற்று.

விடையின் மறுபாதியை எலி தந்தது. 1939இல் வில்சன், பைரம் என்னும் ஆங்கில வைத்தியர் இருவர் எலியின் ஒரு சிறுநீரக நாடியை மாத்திரம் நெருக்கினர். நெருக்குண்ட பக்கத்துச் சிறுநீரகம் உயர்ந்த அமுக்கத்தினின்றும் காக்கப்பட்டது. மற்றையதன் சிறு நாடிகளே சிதைந்தன. எனவே, காரியமாகிய அமுக்கமே பின்னர்க் காரணமாகிக் குருதிக்கலன்களைக் கெடுக்கும் என்பது தெளிவாயிற்று.

பிற்காலத்தில் மார்க் பெஃபர், ஜனிஸ் பெஃபர் முதலியோர் எலியின் முடியுரு நாடியைக் கட்டி மாரடைப்பை உண்டாக்கினர். நடுத்தர அளவில் இதயம் பழுதுற்ற எலிகள் கப்ரோப்ரில் என்னும் மருந்தால் நெடிது வாழ்ந்தமையை 1985இல் அறிவித்தனர். 2,231 நோயாளரிடத்து நிகழ்ந்து 1992இல் வெளியான ஆய்விலும், அம்மருந்து பெற்றோரிடை இறப்பு நூற்றுக்கு 19 வீதம் குறைந்தது.

எலியின் உடல் மனித உடலன்று. ஆதலின் அதனிடத்துக் கண்டதை மனிதரிடத்தும் சோதித்தே கொள்ளல் வேண்டும். ஆயினும், அச்சிற்றுயிரின் நோவுக்கு மனிதகுலம் கடன்பட்டுள்ளது. வீண்துன்பம் தவிர்த்தல் ஆராய்வோர் கடனாகும்.