சட்டியும் கிடாரும்

ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களில் பறை எடுப்பவர்கள் முதலில் வைக்கோலைக் கொளுத்துவார்கள். அனலில் தோல் விறைத்து, விரலால் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பட்டுத்தறிச் சத்தம் ஊருக்குள்; பறைச் சத்தம் சேரியில். அந்த ஒலியைச் சாவு வீட்டோடு கட்டிப்போட்டது சாதி.

அந்தக் கட்டை அவிழ்த்த மேடைகளில் ஒன்று, 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் அமைந்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' அங்கே அரங்கேறியது. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற தமிழர்' என்ற சொல்லாட்சியிலிருந்து பிறந்த பெயர் அது. வடசென்னையின் சாவு வீட்டுக் கானாவும் சட்டி மேளமும் பறையும், கிடார், டிரம்ஸ், ராப்போடு ஒரே மேடையில் நின்றன. இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, அம்பேத்கர் எல்லாம் பாட்டாயின.

இதற்கு லண்டனில் ஒரு மூத்த உறவு உண்டு. 1976இல் வேலையற்ற இளைஞர்களின் கோபமாக வெடித்த பங்க் இசை, அதே ஆண்டு தொடங்கிய 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கத்தோடு கைகோத்தது. 1978 ஏப்ரல் 30 அன்று விக்டோரியா பூங்காவில் தி கிளாஷ் குழு இனவெறிக்கு எதிராகப் பாடியது. எசெக்ஸின் கிராஸ் குழுவோ இசைத்தட்டைத் தானே வெளியிட்டு, இதற்கு மேல் கொடுக்காதீர்கள் என்று உறையிலேயே விலையை அச்சிட்டது.

பங்க் கலைஞர்கள் கிடாரைப் புதிதாகக் கற்றார்கள். கானாக்காரர்களுக்கோ தாளம் பிறந்த வீட்டுச் சொத்து. மேடைதான் கிடைக்காமல் இருந்தது. ஆண்களே கோலோச்சிய கானாவில் குரல் உயர்த்திய, காஸ்ட்லெஸ் கலெக்டிவின் பாடகி இசைவாணியை 2020இல் பிபிசி தன் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது.