லென்ஸ் போடும் சத்தம்

கையால் வளையத்தைத் திருப்பி ஃபோகஸ் செய்த காலத்தில் லென்ஸ் அனேகமாக ஊமை. தானாக ஃபோகஸ் செய்யத் தொடங்கியதும் அதற்கு வாய் வந்தது.

1985இல் வந்த மினோல்டா 7000இல் மோட்டார் கேமராவின் உடம்புக்குள் இருந்தது. அங்கிருந்து ஒரு சிறு தண்டு லென்ஸைத் திருகும்போது 'கிர்ர்' என்று நன்றாகவே கேட்கும். 1987இல் கேனன் தன் ஈஓஎஸ் கேமராவுக்கான மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைத்தது. விலை குறைந்த லென்ஸில் சின்னப் பல்சக்கரங்கள்; வண்டு போல இரையும். அதே ஆண்டு வந்த அல்ட்ராசானிக் மோட்டார் இரைச்சலை அடக்கியது, காசுள்ளவர்களுக்கு!

1995இல் கேனனின் 75-300 ஜூமில் கை நடுக்கத்தை ஈடுகட்டும் கண்ணாடி சேர்ந்தது. என் வயதுக்காரர்களுக்கு வரப்பிரசாதம். கூடவே புதுச் சத்தமும் வந்தது. பட்டனைப் பாதி அழுத்தினால் மெல்லிய உறுமல்; விட்டுச் சற்றுப் பொறுத்தால் ஒரு 'டக்'. உள்ளே அசைந்துகொண்டிருந்த கண்ணாடி தன் இடத்தில் பூட்டிக்கொள்ளும் ஓசை அது. பழுதென்று பயந்து நல்ல லென்ஸைப் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள். 'கரகர'வென்று அரைத்து, ஃபோகஸும் நகராமல் நின்றால் மட்டும் கடைக்கு எடுத்துப் போங்கள்.