ஸ்டவ் வெடிப்பு மரணங்கள் (பெங்களூரு)

1990-களில் பெங்களூருவில் தீக்காயத்தால் இறந்த பெண்கள் பலருடைய கோப்புகளில் எழுதப்பட்ட காரணம், ‘ஸ்டவ் வெடித்தது’. மாமியாரை விட்டுவிட்டு மருமகளையே தேடிப் பிடித்த விசித்திரமான ஸ்டவ். 1979-இல் தொடங்கிய விமோசனா என்ற பெண்கள் அமைப்பு, விக்டோரியா மருத்துவமனைத் தீக்காயப் பிரிவு முதல் காவல்துறைப் பதிவுகள் வரை இந்த மரணங்களைப் பின்தொடர்ந்தது. 1997-இல் நகரில் பதிவான பெண்களின் இயற்கைக்கு மாறான மரணங்கள் 1,133. கொலையாகக் கொள்ளப்பட்டவை 157. தற்கொலை 546, விபத்து 430.

கணக்கு பிசகுவது வரையறையில்தான். உடல் எத்தனை சதவீதம் வெந்தது என்று மருத்துவர் குறிக்கிறார். கொளுத்தியது யார் என்பது அவருடைய கேள்வி அல்ல. மரண வாக்குமூலமோ, கணவன் வீட்டார் கட்டிலருகே நிற்க, பிள்ளைகளை நினைத்துச் சொல்லப்படுவதும் உண்டு. பிறகு, 2024 வரை நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவின்படி விசாரணை நடந்தது. விபத்து என்று கோப்பு மூடப்பட்டது. 1986-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 304பி பிரிவு, மணமாகி 7 ஆண்டுக்குள், வரதட்சணைக் கொடுமையைத் தொடர்ந்து நேரும் சாவையே வரதட்சணை மரணம் என்று 2024 வரை சொன்னது. எட்டாம் ஆண்டில் எரிந்தவள் அந்தத் தலைப்பில் வரவில்லை, பிழைத்துக்கொண்டவளும் வரவில்லை. பின்னர், சாவில் முடியாவிட்டாலும், உடல், சொல், மனம், பாலியல், பொருளாதாரம் சார்ந்த கொடுமைகளை ஒரே வரையறைக்குள் கொண்டுவந்தது 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம்.