சாதனை முறியடிக்கப்பட்ட பிறகும் ஆழிக்குமரன் ஆனந்தன் பெரியவரா?

2021 ஏப்ரல் மாதம் இலங்கை விமானப்படையைச் சேர்ந்த றொஷான் அபேசுந்தர தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திச் சென்று, மீண்டும் தலைமன்னாருக்கே நீந்தித் திரும்பினார். தூரம் ஏறத்தாழ 59 கிலோமீற்றர். எடுத்த நேரம் 28 மணி 19 நிமிடம். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த வி.எஸ். குமார் ஆனந்தன் 1971 இல் 51 மணி நேரத்தில் பாக்கு நீரிணையை இரு வழியும் நீந்திக் கடந்து நிலைநாட்டிய சாதனை, ஐம்பது ஆண்டுகளின் பின் அன்று முறியடிக்கப்பட்டது.

அந்தச் செய்தி வந்த நாட்களில் வடமராட்சியில் இரண்டு விதமான பேச்சுகளைக் கேட்டேன். "ஏறத்தாழ அரைவாசி நேரத்தில் முடிச்சிட்டான், இனி ஆனந்தனைப் பற்றி என்ன பெருமை பேசுறது?" என்பது ஒன்று. "விமானப்படைக்காரன் செய்ததை நாங்கள் ஏன் கணக்கில் எடுக்க வேணும்?" என்பது மற்றது. இரண்டாவது கேள்வியின் பின்னால் இருக்கும் வலி எனக்கு விளங்கும். பங்கருக்குள் இருந்து விமானச் சத்தத்தை எண்ணியவர்களுக்கு அந்தப் படையின் பெயர் வெறும் பெயரல்ல. ஆனாலும் நீந்தியது நீந்தியதுதான். அதை மறுத்து ஆனந்தனைக் காப்பாற்ற வேண்டிய தேவையும் இல்லை. அவருடைய இடத்தை அவர் செய்ததை வைத்தே அளக்கலாம்.

எப்படி அளப்பது? இந்த விவாதத்தை நீண்டகாலமாக நடத்திவரும் விளையாட்டு குத்துச்சண்டை. அதிகூடிய எடைப் பிரிவின் உலக வீரர் றொக்கி மார்சியானோ 49 போட்டிகளில் 49 ஐயும் வென்று, 1956 இல் தோல்வியே காணாமல் ஓய்வு பெற்றவர். அவருடைய எடை ஏறத்தாழ 84 கிலோ, உயரம் 1.78 மீற்றர். இன்றைய விதிப்படி அவர் அந்தப் பிரிவுக்கே வரமாட்டார், அதற்குக் கீழுள்ள பிரிவில்தான் நிற்பார். அதனால் அவர் எல்லாக் காலத்துக்கும் பெரிய வீரரா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. அவர் வென்ற ஜோ லூயிஸுக்கு அப்போது 37 வயது, பட்டத்தைப் பறிகொடுத்த வோல்கொட்டுக்கு 38 வயது என்று ஒரு தரப்பு சொல்லும். முன்னால் வந்தவர் எல்லோரையும் வென்றவரிடம் வேறென்ன கேட்க முடியும் என்று மற்றத் தரப்பு சொல்லும். அண்மையில் உக்ரைனின் உசிக், தன்னைவிடப் பதினைந்து சென்ரிமீற்றர் உயரமான டைசன் பியூரியை 2024 இல் இரண்டு தடவை வென்றபோதும் இதே வாதம் எழுந்தது.

இந்த வாதங்களைப் பிரித்துப் பார்த்தால் அடியில் மூன்று கேள்விகள் இருக்கும். எதிரில் நின்றது யார்? எந்தக் காலத்தில், என்ன வசதியோடு நடந்தது? பிறகு வந்தவர் மிஞ்சினால் முந்தியவர் சிறுத்துப் போவாரா?

ஆனந்தன் விடயத்தில் முதற் கேள்வியே சங்கடமானது. அவருக்கு எதிராளி இல்லை. யாழ்ப்பாணத்தின் இன்னொரு பெரிய பெயரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அவர் ஆசியாவின் மற்ற வீரர்களோடு ஒரே களத்தில் நின்று வென்றவர். ஆனந்தனின் கின்னஸ் சாதனைகளில் பெரும்பாலானவை அப்படியல்ல. 187 மணி நேரம் விடாமல் சைக்கிள் ஓடியது, 128 மணி நேரம் ருவிஸ்ற் நடனம் ஆடியது, 33 மணி நேரம் ஒற்றைக் காலில் நின்றது, இவையெல்லாம் தனியாளாக உடம்பைச் சோதித்தவை. குத்துச்சண்டைப் பயிற்சிப் பந்தையும் 136 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து குத்தியிருக்கிறார். ஆனால் பந்து திருப்பிக் குத்தாது. இவை அசாத்தியமான தாங்குசக்திக்குச் சான்று. மார்சியானோவையோ எதிர்வீரசிங்கத்தையோ அளக்கும் தராசில் வைக்க முடியாதவை. இதை ஒப்புக்கொள்வது அவருக்குச் செய்யும் அவமரியாதை அல்ல.

பாக்கு நீரிணை வேறு கதை. கடல் திருப்பி அடிக்கும். நீரோட்டம் இழுக்கும், சொறிமுட்டை சுடும், இரவில் திசை தெரியாது. அங்கே ஒப்பிட ஆட்களும் உண்டு. தொண்டைமானாறைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954 இல் கோடியக்கரைக்கு நீந்திச் சேர்ந்தார். எடுத்த நேரம் 27 மணி. இன்றைய பயிற்சியாளரோ கருவிகளோ இல்லாத காலத்தில் வழியைத் திறந்தவர் அவர். வங்காளத்தின் மிஹிர் சென் 1966 இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு வழி நீந்த 25 மணி நேரத்துக்கு மேல் எடுத்தார். ஆங்கிலக் கால்வாய், ஜிப்ரோல்ற்றர் என்று உலகக் கடல்களைக் கடந்த பெயர் பெற்ற நீச்சல் வீரர் சென். ஐந்து ஆண்டுகள் கழித்து ஆனந்தன் போய் வர எடுத்த நேரம் 51 மணி. சென் ஒரு வழிக்கு எடுத்த நேரத்தை ஏறத்தாழ அதே வேகத்தில், கரை தொட்டபின் மறுபடியும் ஒருமுறை நீந்தியிருக்கிறார்.

அவருடைய பெருமை எனக்குத் தெரிவது இந்த இடத்தில்தான். ஒரு பகலும் ஓர் இரவும் கடலில் கிடந்து கரையைத் தொட்டவனுக்கு உடம்பு கேட்பது படுக்கையை. அந்த நேரத்தில் முகத்தைத் திரும்பக் கடலுக்குக் காட்டுவது பலத்தால் மட்டும் ஆகிற காரியமல்ல. இரு வழியும் கடக்கலாம் என்று அவருக்கு முன் யாரும் காட்டியிருக்கவில்லை. அபேசுந்தரவுக்கு முன்னால் 51 மணி என்ற இலக்கம் இருந்தது. ஆனந்தனுக்கு முன்னால் அப்படி ஒன்றும் இருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு வாதத்தையும் கவனமாகக் கையாள வேண்டும். ஐம்பது ஆண்டுகள் யாராலும் முறியடிக்க முடியாத சாதனை என்கிறோம். அந்த ஐம்பதில் பாதிக்கு மேல் யுத்தம். மீன்பிடிக்கே தடையும் பாஸும் இருந்த கடலில் வடமராட்சிப் பிள்ளை ஒன்று நெடுந்தூர நீச்சல் பழகியிருக்க முடியுமா? இரவில் கரையை விட்டு இறங்கினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லாத ஆண்டுகள் அவை. எங்கள் பிள்ளைகள் முயன்று தோற்றதால் அந்தச் சாதனை நிற்கவில்லை. அவர்களுக்கு முயலவே வழி இருக்கவில்லை. இதைப் பெருமையாகச் சொல்வதைவிட இழப்பாகச் சொல்வதே உண்மைக்குக் கிட்ட.

இன்னொன்று அவருடைய மரணம். 1984 ஓகஸ்ட் 6 ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் அவர் உயிரிழந்தார். 83 யூலையின் காயம் ஆறாத நேரம் அது. எங்கள் சமூகம் அதற்குப் பிறகு மரணத்தை வைத்தே மனிதரை அளக்கப் பழகியது. அதற்கான காரணங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆனந்தன் சாகப் போனவர் அல்ல. சட்டத்தரணியாக இருந்த, அடுத்த கரைக்குப் போய்ச் சேர விரும்பிய ஒரு விளையாட்டு வீரர். பாக்கு நீரிணையின் சூடான நீரில் நீந்திய உடம்புக்குக் கால்வாயின் குளிர் வேறொரு சோதனை. அந்த முயற்சி வெற்றி பெறவில்லை. அதைத் தியாகமாக மாற்றத் தேவையில்லை. 1971 இல் உயிரோடு திரும்பி வந்து கரை ஏறியதே அவரைப் பெரியவராக்கப் போதும்.

மூன்றாவது கேள்விக்கு என்னுடைய பதில் இதுதான். மிஞ்சப்படுவதால் யாரும் சிறுப்பதில்லை. எதிர்வீரசிங்கத்தின் 2.03 மீற்றரை இன்று பலர் தாண்டுகிறார்கள், டோக்கியோத் தங்கத்தின் மதிப்பு அதனால் குறையவில்லை. அதேபோல அபேசுந்தரவின் 28 மணி நேரம் ஆனந்தனின் 51 மணி நேரத்தை அழிக்காது. வேகத்தில் பெரியவர் அபேசுந்தர. முதலில் போய்த் திரும்பியவர் ஆனந்தன். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல எங்களால் முடிய வேண்டும்.

வல்வெட்டித்துறையில் அவர் பெயரில் நீச்சல் தடாகம் இருக்கிறது. அந்தப் பெயருக்குச் செய்யக்கூடிய மரியாதை, அதிலே பிள்ளைகளை ஒழுங்காகப் பழக்கி, துணைப்படகும் பயிற்சியாளரும் கொடுத்துக் கடலுக்கு அனுப்புவது. 28 மணி 19 நிமிடம் என்ற இலக்கம் இப்போது எல்லோருக்கும் தெரியும். அதை உடைக்கும் பிள்ளை வடமராட்சியிலிருந்து வந்தால், ஆனந்தனைப் பற்றிய விவாதம் அப்போதும் தொடரும். தொடரட்டும். சிறியவர்களைப் பற்றி யாரும் ஐம்பது ஆண்டுகள் வாதாடுவதில்லை.