பிட்ஸ்பர்க்கின் கல் நீதிமன்றம்

அமெரிக்காவில் 'கவுண்டி' என்பது மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு. ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. பென்சில்வேனியாவின் அலகெனி கவுண்டிக்குப் பிட்ஸ்பர்க் தலைநகர். அதன் பழைய நீதிமன்றம் 1882 மே மாதம் தீக்கிரையானது. புதியதற்காக நடந்த போட்டியில் வென்றவர் பாஸ்டன் வட்டாரக் கட்டடக் கலைஞர் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன். 1884இல் தொடங்கிய வேலை 1888இல் முடிந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை; 1886இல், 47 வயதில், சிறுநீரக நோயால் இறந்துவிட்டார்.

தொலைவிலிருந்து பார்த்தால் கோட்டை போலிருக்கும். மாசசூசெட்ஸிலிருந்து வந்த வெளிர்சிவப்புக் கருங்கல், அரைவட்ட வளைவுகள், செங்குத்தான கூரை என எல்லாம் இடைக்கால ஐரோப்பாவின் ரோமனெஸ்க் பாணியைத் தழுவியவை. ஆனால் கட்டடத்தின் அமைப்பைத் தீர்மானித்தது ஊரின் புகை. எஃகு ஆலைகள் கக்கிய கரி, பகலிலேயே விளக்கேற்ற வைத்த காலம் அது. அதனால்தான் நடுவே பெரிய முற்றம். சுற்றியுள்ள அறைகளுக்கு இருபுறமும் வெளிச்சம் கிடைத்தது. ஏறத்தாழ 250 அடி உயர முன்கோபுரமும் வெறும் அழகுக்கானதல்ல. தெருப்புகைக்கு மேலே இருந்த காற்றை உள்ளே இழுத்துவரும் வழியாக அது பயன்பட்டது.

பின்புறத் தெருவைத் தாண்டினால் சிறை. அதுவும் ரிச்சர்ட்சனுடையதே. இரண்டையும் ஒரு மூடிய கல்பாலம் இணைக்கிறது. வெனிஸின் 'பெருமூச்சுப் பாலம்' என்ற பெயர் இதற்கும் ஒட்டிக்கொண்டது. கைதிகள் தெருவில் கால் வைக்காமலே விசாரணைக்கு வந்து திரும்பினார்கள். அப்படியும் 1902இல் பிடில் சகோதரர்கள் என்ற கைதிகள் சிறையிலிருந்து தப்பினார்கள். உதவியவர் சிறைக் கண்காணிப்பாளரின் மனைவி கேட் சோஃபெல்.

கட்டடம் அப்படியே நின்றது; ஊர்தான் மாறிக்கொண்டிருந்தது. 1902இல் எதிரே எழுந்த ஃப்ரிக் கட்டடம் கோபுரத்தைவிட உயரமாகி, அதன் கம்பீரத்தைக் குறைத்தது. 1913 வாக்கில், நீதிமன்றம் நின்ற, வண்டிகள் ஏறச் சிரமப்பட்ட கிராண்ட் மேட்டை நகராட்சி வெட்டி இறக்கியது. தெரு கீழே போக, வாயிற்கதவுகள் அந்தரத்தில் நின்றன. நிலவறையாக இருந்த தளமே நுழைவுத் தளமாயிற்று. முகப்பின் அடிப்பகுதி இன்றும் இயல்புக்கு மீறி நீண்டு தெரிவது இதனால்தான். ரிச்சர்ட்சன் கணக்கிட்ட விகிதம் அதில் இல்லை.

டொரண்டோ, மினியாபொலிஸ் நகர மன்றக் கட்டடங்களில் இந்த நீதிமன்றத்தின் சாயலைக் காணலாம். 1976இல் இது தேசிய வரலாற்றுச் சின்னமானது. வழக்குகள் இன்றும் நடக்கின்றன. கவுண்டி மன்றமும் இங்கேதான் கூடுகிறது. ஒருகாலத்தில் வாகனங்கள் நின்ற முற்றத்தில் இப்போது நீரூற்றும் இருக்கைகளும் உள்ளன. சிறை 1995இல் மூடப்பட்டது. உள்ளே மாற்றியமைக்கப்பட்டு, 2000 முதல் குடும்ப நீதிமன்றமாக இயங்குகிறது. கைதி அறைத் தொகுதியில் ஒரு பகுதியை மட்டும் பார்வையாளர்களுக்காக விட்டுவைத்திருக்கிறார்கள்.