தருமபுரி மாவட்ட மானாவாரிக் கேழ்வரகு: விதைப்புக் காலமும் பயிர் இடைவெளியும்

மானாவாரிக் கேழ்வரகு சாகுபடி என்பது பாசன வசதியின்றி, மழைநீரை மட்டுமே நம்பிக் கேழ்வரகைப் பயிரிடும் முறையாகும். கேழ்வரகு (தாவரவியல் பெயர்: எலியூசின் கோரகானா) தமிழகத்தின் பல பகுதிகளில் ராகி, கேப்பை, ஆரியம் எனவும் அழைக்கப்படுகிறது. தமிழ்நாட்டின் வடமேற்கில் அமைந்த தருமபுரி மாவட்டத்தில் இது நெடுங்காலமாக முதன்மையான உணவுத் தானியங்களுள் ஒன்றாக இருந்து வருகிறது. மானாவாரி நிலத்தில் கூடுதல் செலவின்றி உழவர் தாமே முடிவு செய்யக்கூடியவை இரண்டு: எப்போது விதைப்பது, பயிருக்குப் பயிர் எவ்வளவு இடைவெளி விடுவது. விதைப்புக் காலம் பயிருக்குக் கிடைக்கும் மழையின் அளவைத் தீர்மானிக்கிறது. இடைவெளி அந்த மழைநீரை எத்தனை செடிகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. எனவே இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை.

பின்னணி

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2004 பெப்ரவரி 9 அன்று இதன் வடபகுதி கிருட்டிணகிரி மாவட்டமாகத் தனியே பிரிந்தது. இரு மாவட்டங்களும் தமிழ்நாட்டின் வடமேற்கு வேளாண் காலநிலை மண்டலத்தில் அடங்குகின்றன. காவிரி, தென்பெண்ணை ஆகிய ஆறுகள் இம்மாவட்டத்தைத் தொட்டுச் சென்றாலும், மேட்டு நிலங்களில் பெரும்பகுதிக்கு ஆற்றுப் பாசனம் கிடையாது. நீர்ப்பிடிப்புத் திறன் குறைந்த செம்மண் இங்கு பரவலாகக் காணப்படுகிறது.

மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழையளவு சுமார் 850 முதல் 900 மில்லிமீட்டர் வரை ஆகும். கேழ்வரகுக்கு இந்த அளவு போதுமானது. ஆனால் மழை ஆண்டு முழுவதும் சீராகப் பெய்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருப்பதால் ஜூன், ஜூலை மாதங்களில் தென்மேற்குப் பருவமழை குறைவாகவும் விட்டுவிட்டும் பெய்கிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் மழை மிகுதி. கடற்கரையிலிருந்து தொலைவில் இருப்பதால் வடகிழக்குப் பருவமழையும் இங்கு வலுக்குறைந்தே வந்து சேருகிறது. டிசம்பரில் பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது.

விதைப்புப் பட்டங்கள்

தமிழ்நாட்டில் கேழ்வரகு நான்கு பட்டங்களில் பயிரிடப்படுகிறது.

* ஆடிப்பட்டம் (ஜூன் - ஜூலை): மானாவாரி
* புரட்டாசிப் பட்டம் (செப்டம்பர் - அக்டோபர்): மானாவாரி
* மார்கழிப் பட்டம் (டிசம்பர் - ஜனவரி): இறவை
* சித்திரைப் பட்டம் (ஏப்ரல் - மே): இறவை

இறவைப் பட்டங்களில் கிணற்று நீர் இருப்பதால் விதைப்பு நாள் சற்று முன்பின் ஆனாலும் பயிர் தப்பிவிடும். மானாவாரிப் பட்டங்களில் அவ்வாறில்லை.

விதைப்புக் காலத்தின் விளைவுகள்

கேழ்வரகு இளம் பருவத்தில் வறட்சியை ஓரளவு தாங்கும். வாடிய பயிரும் அடுத்த மழையில் மீண்டும் துளிர்த்துத் தூர் கட்டும். ஆனால் கதிர் வெளிவரும் காலத்திலும் மணி பிடிக்கும் காலத்திலும் ஈரம் இல்லாவிட்டால் ஏற்படும் இழப்பைப் பின்னர் பெய்யும் மழையால் ஈடுசெய்ய முடியாது. ஆகவே விதைப்பு நாளைக் கணிக்கும்போது கதிர் வரும் நாள் எந்த மாதத்தில் விழும் என்பதே முதன்மையாகப் பார்க்கப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, 110 நாள் வயதுடைய ஓர் இரகம் விதைத்த 70 நாளில் கதிர் விடுவதாகக் கொண்டால் நிலைமை பின்வருமாறு அமையும்.

* ஜூன் 10 இல் விதைத்தால் ஆகஸ்ட் 19 அளவில் கதிர் வரும். செப்டம்பர் 28 அளவில் அறுவடை. இளம்பயிர் ஜூன், ஜூலை மாத இடைவறட்சியில் சிக்கக்கூடும். அறுவடை மழைக்காலத்தின் நடுவில் விழுவதால் கதிர்கள் நனைந்து கருக்கவும் முளைக்கவும் வாய்ப்புண்டு.
* ஜூலை 20 இல் விதைத்தால் செப்டம்பர் 28 அளவில் கதிர் வரும். நவம்பர் 7 அளவில் அறுவடை. மழை மிகுந்த காலமும் பயிரின் நீர்த்தேவை மிகுந்த காலமும் பொருந்தி வருகின்றன.
* செப்டம்பர் 15 இல் விதைத்தால் நவம்பர் 24 அளவில் கதிர் வரும். ஜனவரி 3 அளவில் அறுவடை. மணி பிடிக்கும் காலம் மழை ஓய்ந்த டிசம்பரில் விழுகிறது. மண்ணில் எஞ்சிய ஈரத்தை மட்டுமே பயிர் நம்ப வேண்டியிருக்கும்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் பழமொழி இக்கணக்கோடு ஒத்துப்போகிறது. ஆயினும் ஆடி மாதம் பிறந்துவிட்டது என்பதற்காக மட்டும் விதைப்பதில்லை. நிலம் நன்கு நனையும் அளவு மழை பெய்த பின்னரே விதைக்கப்படுகிறது. சிறு தூறலை நம்பி விதைத்தால் விதை முளைத்தபின் காய்ந்துபோகும். மறு விதைப்புக்கு விதையும் கூலியும் மீண்டும் செலவாகும்.

கேழ்வரகு ஒரு குறும்பகல் பயிராகும். பகற்பொழுது குறையும்போது பல இரகங்கள் விரைந்து கதிர் விடுகின்றன. இதனால் தாமதமாக விதைத்த பயிருக்குத் தழை வளர்ச்சிக்கான நாட்கள் குறைகின்றன. தூர்களின் எண்ணிக்கையும் குறைகிறது.

நோய்த் தாக்குதலும் விதைப்புக் காலத்தைச் சார்ந்தது. கேழ்வரகின் கொடிய நோயான குலைநோய் பூஞ்சையால் உண்டாகிறது. தொடர்ந்த மேகமூட்டம், தூறல், காற்றில் மிகுந்த ஈரப்பதம் ஆகியவை இதற்கு ஏற்ற சூழலாகும். நாற்றுப் பருவத்தில் இலைகளையும், பின்னர் கதிரின் கழுத்தையும் விரல்களையும் இது தாக்குகிறது. கழுத்துப் பகுதி தாக்கப்பட்டால் அதற்கு மேலுள்ள கதிர் பதராகும். கதிர் மழைக்காலத்தில் வெளிவருவது நீருக்கு நல்லது என்றாலும் குலைநோய்க்கு வாய்ப்பளிக்கிறது. எனவே ஆடிப்பட்டத்திற்கு நோய் எதிர்ப்புத் திறன் கொண்ட இரகம் தேவைப்படுகிறது.

இரகத்தின் வயது

மழை எப்போது வரும் என்பது உழவர் கையில் இல்லை. ஆனால் மழை வந்த நாளுக்கு ஏற்ற வயதுடைய இரகத்தைத் தெரிவு செய்ய முடியும். முன்கூட்டியே மழை கிடைத்தால் 115 முதல் 125 நாள் வயதுடைய நீண்ட கால இரகங்களும், ஜூலை இறுதி முதல் ஆகஸ்ட் வரை நடுத்தர வயது இரகங்களும், அதற்குப் பின் 90 முதல் 100 நாள் வயதுடைய குறுகிய கால இரகங்களும் பொருத்தமானவை. செப்டம்பர் 15 இல் விதைத்த 90 நாள் இரகம் டிசம்பர் 14 அளவிலேயே அறுவடைக்கு வந்துவிடும். 110 நாள் இரகத்தைவிட 20 நாட்கள் முன்னதாக முதிர்வதால் மண்ணின் ஈரம் தீருமுன் மணி பிடிக்க வாய்ப்பு ஏற்படுகிறது.

கருநாடகத்தின் மாண்டியாவில் சி. எச். லட்சுமணய்யா இந்திய, ஆப்பிரிக்க வகைகளைக் கலந்து 'இண்டாஃப்' வரிசை இரகங்களை உருவாக்கினார். பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஜி.பி.யு. 28 குலைநோயைத் தாங்கும் நடுத்தர வயது இரகமாகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ வரிசை இரகங்களை வெளியிட்டுள்ளது. அப்பல்கலைக்கழகத்தின் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம் (தற்போது கிருட்டிணகிரி மாவட்டத்தில் உள்ளது) பையூர் 1, பையூர் 2 ஆகிய கேழ்வரகு இரகங்களை வெளியிட்டுள்ளது.

பயிர் இடைவெளி

கேழ்வரகுக்குப் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் இடைவெளிகளும், குழிக்கு ஒரு செடி எனக் கொண்டால் கிடைக்கும் செடி எண்ணிக்கையும் பின்வருமாறு.

* 30 × 10 செ.மீ.: சதுர மீட்டருக்கு 33 செடிகள், எக்டேருக்குச் சுமார் 3.3 இலட்சம்
* 22.5 × 10 செ.மீ.: சதுர மீட்டருக்கு 44 செடிகள், எக்டேருக்குச் சுமார் 4.4 இலட்சம்
* 25 × 25 செ.மீ. (சதுர நடவு): சதுர மீட்டருக்கு 16 செடிகள், எக்டேருக்கு 1.6 இலட்சம்

ஒரு மில்லிமீட்டர் மழை என்பது சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் நீராகும். 20 மில்லிமீட்டர் மழை முழுவதும் மண்ணில் இறங்கியதாகக் கொண்டால், 30 × 10 செ.மீ. இடைவெளியில் செடி ஒன்றுக்கு 600 மில்லிலிட்டரும், 22.5 × 10 செ.மீ. இடைவெளியில் 450 மில்லிலிட்டரும் கிடைக்கும். விதையைத் தூவிவிட்டுக் கலைக்காமல் விட்ட வயலில் சதுர மீட்டருக்கு 100 செடிகள் நின்றால் ஒவ்வொன்றுக்கும் 200 மில்லிலிட்டர் மட்டுமே கிடைக்கும். அத்தகைய வயல் தொடக்கத்தில் பசுமையாகக் காணப்பட்டாலும், மண்ணின் ஈரத்தை விரைந்து உறிஞ்சித் தீர்த்துவிட்டுக் கதிர் வரும் காலத்தில் வாடுகிறது.

மிகை அடர்த்தி ஏற்படுவதற்கு விதையின் சிறிய உருவமே காரணம். ஆயிரம் மணிகளின் எடை சுமார் 2.5 முதல் 3 கிராம் வரை ஆகும். எக்டேருக்கு 10 கிலோ விதை என்றால் அதில் 33 முதல் 40 இலட்சம் விதைகள் உள்ளன. தேவையான செடிகளோ நான்கு முதல் ஐந்து இலட்சம்தான். முளைக்காதவை, எறும்பு தின்றவை ஆகியவற்றைக் கழித்த பின்னரும் மிகுதியான செடிகள் நிற்கும். எனவே விதைத்த இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது மிகையான செடிகளைக் கலைத்து, பிடுங்கியவற்றால் இடைவெளி விழுந்த இடங்களை நிரப்புவது அவசியம்.

மிகுதியான இடைவெளியும் தீங்கானது. இடைவெளி கூடினால் செடி அதிகத் தூர்களை விடும். நல்ல மழை அல்லது பாசனம் உள்ள இடத்தில் அத்தூர்களும் கதிர் ஈன்று எண்ணிக்கைக் குறைவை ஈடுசெய்யும். மழை முன்னதாகவே ஓய்ந்தால் பிந்திய தூர்களின் கதிர்கள் மணி பிடிக்காமல் போகின்றன. மேலும், இலைகள் நிலத்தை மூடாதபோது வெயில் மண்ணில் நேரடியாக விழுந்து ஈரம் ஆவியாகிறது, களைகளும் பெருகுகின்றன.

வரிசையாக விதைப்பதன் முதன்மையான பயன் களையெடுப்பில் தெரிகிறது. 22.5 அல்லது 30 செ.மீ. வரிசைகளுக்கிடையே கைக்களைக் கருவியையோ மாட்டால் இழுக்கும் களைக்கருவியையோ ஓட்டலாம். முதல் ஆறு வாரங்களில் களைகள் எடுத்துக்கொள்ளும் நீர் பயிருக்கு உரிய நீராகும். தூவி விதைத்த வயலில் கையால் மட்டுமே களையெடுக்க முடியும், ஆட்கூலி கூடுகிறது.

காலத்திற்கும் இடைவெளிக்கும் உள்ள தொடர்பு

உரிய காலத்தில் விதைத்த பயிர் தூர் கட்டப் போதிய நாட்களைப் பெறுவதால் 30 × 10 செ.மீ. இடைவெளி பொருந்தும். தாமதமாக விதைத்த குறுகிய காலப் பயிர் அதிகத் தூர் கட்டுவதில்லை. விளைச்சல் பெரும்பாலும் தாய்த்தண்டின் கதிரையே சார்ந்திருக்கும். எனவே அதனை 22.5 × 10 செ.மீ. போன்ற நெருங்கிய இடைவெளியில் விதைப்பது பொருத்தமானது. ஆடியில் பின்பற்றிய அதே அகன்ற இடைவெளியைப் புரட்டாசியிலும் பின்பற்றினால் கதிர்களின் எண்ணிக்கை குறையும். மறுபுறம், தாமதத்தை ஈடுகட்ட எண்ணி விதையளவை வரம்பின்றிக் கூட்டினால், எஞ்சிய சிறிதளவு ஈரமும் விரைவில் தீர்ந்துவிடும்.

நாற்றுவிட்டு நடுதல்

நேரடி விதைப்புக்கு மாற்றாக நாற்றுவிட்டு நடும் முறையும் உள்ளது. ஒரு எக்டேர் நடவுக்கு 12.5 சென்ட் நாற்றங்காலும் 5 கிலோ விதையும் போதுமானவை. சிறிய நாற்றங்காலுக்குக் குடத்து நீரைக்கூட ஊற்றிக் காப்பாற்றலாம் என்பதால், மழை தாமதிக்கும் ஆண்டுகளில் இது பயிரின் முதல் மூன்று வாரங்களைக் காக்கும் வழியாகிறது. 18 முதல் 20 நாள் வயதுடைய நாற்றுகள் நடவுக்கு ஏற்றவை. மழைக்காகக் காத்திருந்து நாற்று முற்றிவிட்டால், நட்ட பின் தூர் கட்டுவது குறைந்து விளைச்சல் பாதிக்கப்படும்.

கருநாடகத்தின் ஆவேரி மாவட்டப் பகுதியில் 'குளி ராகி' என்னும் மரபு முறை வழக்கிலுள்ளது. இதில் ஏறத்தாழ ஒன்றரை அடி இடைவெளியில் சதுரமாகக் குழியிட்டு, எரு இட்டு, நாற்றுகள் நடப்படுகின்றன. பின்னர் இளம்பயிரின் மீது மரக்கருவியை இழுத்துச் செடிகளைச் சாய்ப்பதால் தூர்கள் பெருகுகின்றன. நான்கு புறமும் களைக்கருவி ஓட்ட இயல்வது இதன் மற்றொரு பயனாகும். உரிய காலத்தில் நடுவதும் போதிய எரு இடுவதும் இல்லாமல் இவ்வளவு அகன்ற இடைவெளி பலன் தருவதில்லை.

கலப்புப் பயிரும் மாற்றுப் பயிரும்

கேழ்வரகு வரிசைகளுக்கிடையே துவரை, மொச்சை ஆகியவற்றை விதைப்பது இப்பகுதியின் பழைய வழக்கமாகும். எட்டு வரிசைக் கேழ்வரகுக்கு இரண்டு வரிசைத் துவரை என்னும் அளவு தென்கருநாடகத்தில் பரிந்துரைக்கப்படுகிறது. கேழ்வரகு அறுவடையான பின், ஆழமாக வேர்விட்ட துவரை கீழ்மண்ணின் ஈரத்தைப் பயன்படுத்தி வளர்கிறது. மழை ஏதேனும் ஒரு கட்டத்தில் பொய்த்தாலும் இரண்டில் ஒன்று வீட்டிற்கு வரும் என்பதே இதன் அடிப்படை.

கேழ்வரகுக்கான காலம் முற்றிலும் கடந்துவிட்டால், குறைந்த ஈரத்தில் வளரும் கொள்ளு விதைக்கப்படுகிறது. தாமதமான மழையில் கேழ்வரகை வலிந்து விதைத்து வைக்கோல் மட்டும் எடுப்பதைவிட இது இழப்பைக் குறைக்கும்.

முக்கியத்துவம்

கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது; அரிசி, கோதுமை ஆகியவற்றைவிட இது பன்மடங்கு அதிகம். நன்கு காய்ந்த தானியத்தைப் பூச்சி அரிக்காமல் பல ஆண்டுகள் சேமிக்கலாம் என்பதால் பஞ்சக் காலங்களில் இது மக்களைக் காத்தது. நடுவண் அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை 2022-23 இல் குவிண்டாலுக்கு 3,578 ரூபாயாக இருந்து, 2025-26 இல் 4,886 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2023 ஆம் ஆண்டில் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் நியாயவிலைக் கடைகள் வழியாக 2 கிலோ அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. விலையும் தேவையும் கூடினாலும், மானாவாரி நிலத்தில் அதன் பயன் உழவருக்குக் கிட்டுவது கதிர் வரும் வாரங்களில் மண்ணில் ஈரம் இருப்பதைப் பொறுத்தே அமைகிறது.

இவற்றையும் பார்க்கவும்

* கேழ்வரகு
* தருமபுரி மாவட்டம்
* மானாவாரி வேளாண்மை
* ஆடிப்பட்டம்
* துவரை
* கொள்ளு